மேய்ந்தது வட்டியா, முதலா?
ஒரு கடலோர ஆட்டுப் பண்ணையின் நூறு வருடக் கணக்கு



வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று விவசாயத்துக்கு வந்தவன் என்பதால், என்னைத் தேடி வருகிற நண்பர்களில் பாதிப் பேர் மண்ணைப் பற்றிக் கேட்பதில்லை, கடனைப் பற்றித்தான் கேட்கிறார்கள். இப்போது அதிகமாக வருகிற கேள்வி ஆட்டுப் பண்ணை. “சார், அம்பது தாய் ஆடு, ரெண்டு கிடா, ஒரு போர், ஒரு கொட்டகை. ஒரு புராஜெக்ட் ரிப்போர்ட் போட்டுக் கொடுங்க” என்பார்கள். அந்த ரிப்போர்ட்டில் கொட்டகைக்கு மதிப்பு உண்டு, போருக்கு மதிப்பு உண்டு, ஆட்டுக்கு இன்சூரன்ஸ் உண்டு. ஆடு மேயப் போகிற நிலத்தில் நிற்கும் புல்லுக்கும் செடிக்கும் மட்டும் அதில் ஒரு கட்டம்கூடக் கிடையாது.

அந்தக் கட்டம் இல்லாமலே நூறு வருடம் ஆடு மேய்த்தால் நிலம் என்ன ஆகும்? அதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி ஒரு இடம் மேற்கு ஆஸ்திரேலியாவின் கடலோரத்தில் இருக்கிறது. பெரோன் ஸ்டேஷன் என்று பெயர். மகள் பெர்த் நகரில் இருப்பதால் எனக்கு அங்கே போய்வர வாய்த்தது. பார்த்ததையும் படித்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். ஆட்டுப் பண்ணை ஆசையில் இருக்கிற நண்பர்கள் அவசியம் படியுங்கள்.

சிவப்பு மணலும் நீலக் கடலும்

பெர்த்திலிருந்து வடக்கே சுமார் 830 கிலோமீட்டர் போனால் டெனம் என்ற சின்ன ஊர் வரும். ஷார்க் பே என்கிற சுறா விரிகுடாவின் கரையில் இருக்கிறது. அந்த ஊரைத் தாண்டி வடக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கிற நிலம்தான் பெரோன் தீபகற்பம். 1801-லும் 1803-லும் பிரெஞ்சுக் கப்பல்களில் வந்த பிரான்சுவா பெரோன் என்ற இயற்கை ஆய்வாளரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயருக்கு முன்னால் பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்கள் மல்கானா மக்கள். அவர்கள் அந்த விரிகுடாவைக் குத்தாரகுடா என்கிறார்கள். ‘இரண்டு நீர்’ என்று பொருள்.

தீபகற்பத்தின் முனையில் செக்கச்செவேல் என்ற மணற்பாறை, அதன் காலடியில் வெள்ளை மணல், அதற்கு அப்பால் நீலக் கடல். சுற்றுலா வருகிறவர்கள் போட்டோ எடுத்துத் தீராது. விவசாயி கண்ணுக்குத் தெரிவது வேறு. மண் எல்லாம் மணல். ஆறு இல்லை, ஓடை இல்லை, வருஷம் முழுக்க நல்ல தண்ணீர் நிற்கிற குட்டைகூட இல்லை. ஆண்டு சராசரி மழை 220 மில்லிமீட்டர் அளவுதான், அதுவும் பெரும்பாலும் மே முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலத்தில். நம் தமிழ்நாட்டின் சராசரி 900-க்கு மேல். கால் பங்கு மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் ஆவியாகக் கூடிய நீரோ மழையைப் போலப் பல மடங்கு.

இந்த மண்ணில் 1880-களில் செம்மறி ஆடு வந்து இறங்கியது. 1990-ல் மாநில அரசு விலைக்கு வாங்கும் வரை, நூறு வருடம் இது ஆட்டுப் பண்ணையாக இருந்தது. 1993-ல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு 52,500 எக்டேர். நம் கணக்கில் ஒரு லட்சத்து முப்பதாயிரம் ஏக்கர்.

ஸ்டேஷன் என்றால் என்ன?

ஆஸ்திரேலியாவில் ஸ்டேஷன் என்றால் ஆடு மாடு வளர்க்கிற பெரும் பண்ணை. நிலம் பண்ணைக்காரருக்குச் சொந்தம் இல்லை. அரசு நிலம், மேய்ச்சலுக்கு மட்டும் நீண்ட காலக் குத்தகை. உழ முடியாது, விதைக்க முடியாது. தானாக முளைத்து நிற்கிற செடியை ஆடு தின்று, அதை ரோமமாக மாற்றும். அந்த ரோமத்தை விற்பதுதான் தொழில்.

இத்தனை பெரிய பண்ணைக்கு ஒரே ஒரு குடியிருப்பு. பண்ணைக்காரர் வீடு, வேலையாட்கள் தங்கும் வரிசை அறைகள், ரோமம் கத்தரிக்கும் பெரிய கொட்டகை, ஆட்டுப் பட்டிகள், காற்றாலை, தண்ணீர்த் தொட்டி, பட்டறை. அடுத்த வீட்டுக்காரரைப் பார்க்க அரை நாள் பயணம். சாமான் வருவதும் ரோமம் போவதும் கடல் வழியாக. நிலத்தில் ஒட்டக வண்டியும் உண்டு. ஆகவே கடலோர ஸ்டேஷன்களில் கையில் கிடைத்ததை வைத்துத்தான் கட்டினார்கள். சுறா விரிகுடாவில் கல்லுக்குப் பதில் கிளிஞ்சல். ஹாமலின் பகுதியில் கடல் நீர் சாதாரணக் கடலைப் போல இரண்டு மடங்கு உப்பு. அந்த உப்பைத் தாங்குகிற ஒரு சின்னஞ்சிறு சிப்பி கோடி கோடியாகப் பெருகி, அதன் ஓடுகள் கரையில் மீட்டர் கணக்கில் குவிந்து இறுகிக் கிடக்கின்றன. அதைக் கைரம்பத்தால் செங்கல் மாதிரி அறுத்துச் சுவர் எழுப்பினார்கள். டெனம் ஊரில் ஒரு தேவாலயமே அப்படிக் கட்டியதுதான். இப்போது பழைய கட்டடங்களைப் பழுது பார்க்க மட்டும் அதை எடுக்கிறார்கள்.

பெரோன் குடியிருப்பு டெனத்திலிருந்து சுமார் பத்து கிலோமீட்டர். வீடு, கொட்டகை, ஆட்கள் தங்கிய அறைகள், பட்டி எல்லாவற்றையும் பாரம்பரியச் சின்னமாகப் பாதுகாத்து, நடந்து பார்க்கப் பாதை போட்டு வைத்திருக்கிறார்கள்.

கொட்டகைக்குள்

ரோமக் கொட்டகையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அந்தப் பண்ணையின் பணப்பெட்டி அதுதான்.

மெரினோ ஆட்டுக்கு ரோமம் தானாக உதிராது. வளர்ந்துகொண்டே இருக்கும். வருடத்துக்கு ஒரு முறை கத்தரித்தே ஆகணும். கத்தரிப்பதற்கு முந்தின இரவே ஆடுகளைக் கூரைக்குக் கீழே அடைத்துவிடுவார்கள், ரோமம் நனைந்திருந்தால் கத்தரிக்கவும் முடியாது, பொதி கட்டவும் முடியாது. தரை நிலத்திலிருந்து உயர்த்திய மரப் பலகை. பலகைக்கும் பலகைக்கும் இடைவெளி விட்டிருப்பார்கள். புழுக்கை கீழே விழும், ரோமம் சுத்தமாக இருக்கும். நம் ஊரில் இப்போது பரண் மேல் ஆடு வளர்ப்பு என்கிறோமே, அதே தத்துவம்.

பழகிய ஆள் ஒரு ஆட்டை மூன்று நான்கு நிமிடத்தில் முடித்துவிடுவார். ரோமம் ஒரே போர்வையாகக் கழன்று வரும். ஓர் ஆட்டுக்கு நாலு, ஐந்து கிலோ. அதை மேசையில் விரித்து, ஓரத்து அழுக்கைக் கிள்ளி எடுத்துவிட்டுத் தரம் பிரிப்பவரிடம் கொடுப்பார்கள். அவர் ஒரு கற்றையை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து இழுத்துச் சுண்டிப் பார்ப்பார். கணீரென்று நின்றால் நல்ல சரக்கு. நடுவில் படக்கென்று அறுந்தால் விலை இறங்கும்.

அது ஏன் நடுவில் அறுகிறது தெரியுமா? ஆடு எந்த மாதத்தில் பசியோடு கிடந்ததோ, அந்த மாதத்தில் வளர்ந்த இழை மெலிந்து போயிருக்கும். ஒரு வருடத்து மேய்ச்சலின் கணக்கு முழுக்க அந்த விரல் நீளக் கற்றையில் எழுதியிருக்கிறது. வங்கியில் பாஸ்புக்கைப் புரட்டிப் பார்க்கிற மாதிரி, தரம் பிரிப்பவர் அதை விரலால் படிக்கிறார். நிலத்தில் நடக்கிறது என்னவென்று ஆட்டுக்காரருக்குத் தெரியாமல் இருந்ததில்லை. வருஷா வருஷம் கொட்டகையில் தெரிந்தது.

தண்ணீர் கொடுத்த கடன்

இனிமேல்தான் விஷயத்துக்கு வருகிறோம். மழை இல்லை, ஆறு இல்லை. ஆயிரக்கணக்கான ஆடு எப்படிப் பிழைத்தது?

ஆழ்துளைக் கிணறு. அந்தப் பகுதியில் நிலத்துக்கடியில் ஆழத்தில் அழுத்தத்தோடு நீர் இருக்கிறது. துளை போட்டால் தானாகப் பொங்கி வரும், சூடாகவும் வரும். பெரோன் குடியிருப்பில் அந்த நீரை ஒரு தொட்டியில் விட்டிருக்கிறார்கள். 40 டிகிரி சூடு. இன்றைக்குச் சுற்றுலா வருகிறவர்கள் அதில் இறங்கிக் குளிக்கிறார்கள். நானும் கொஞ்ச நேரம் காலை விட்டு உட்கார்ந்தேன், முழங்கால் வலிக்கு இதமாகத்தான் இருந்தது. நீர் உப்பு. ஆடு குடிக்கும், நமக்குத் தொண்டையில் இறங்காது. டெனம் ஊரிலேயே இன்றும் வீடுகளுக்கு இரண்டு குழாய். ஒன்றில் உப்பு போர் நீர், இன்னொன்றில் உப்பு நீக்கிய நீர்.

இந்த நீர் வருவதற்கு முன்னால் அந்த நிலம் எப்படி இயங்கியது என்று யோசித்துப் பாருங்கள். மழை பெய்யும், செடி துளிர்க்கும், விலங்குகள் மேயும். கோடை வரும். அதிகம் நீர் வேண்டிய எந்த மந்தையும் அங்கே தங்க முடியாது. தண்ணீர் இல்லாததுதான் அந்தச் செடிகளுக்கு ஓய்வு கொடுத்தது. அங்கேயே கிடந்த சின்ன விலங்குகள் தழையிலும் வேரிலும் இருக்கிற ஈரத்திலேயே காலத்தை ஓட்டியவை. போர் போட்டதும் அந்த ஓய்வு போய்விட்டது. தொட்டியில் வருஷம் முழுக்க நீர், ஆகவே வருஷம் முழுக்க ஆடு.

இதில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. கோடையில் செம்மறி ஆடு தண்ணீர்த் தொட்டியிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு மேல் போய் மேயப் பிரியப்படாது. அங்குள்ள செடிகளில் உப்பு அதிகம், தின்னத் தின்னத் தாகம் எடுக்கும், திரும்பித் தொட்டிக்கு வந்தாகணும். தொட்டியை நடுவில் வைத்து மூன்று கிலோமீட்டருக்கு ஒரு வட்டம் போட்டால் சுமார் 2,800 எக்டேர். அந்த மாதிரி வறண்ட புதர்க்காட்டில் ஒரு செம்மறி ஆட்டுக்குப் பத்து எக்டேராவது வேண்டும், பல இடத்தில் இன்னும் அதிகம். அப்படியானால் ஒரு தொட்டிக்கு 280 ஆடு. இது காகிதக் கணக்கு. தண்ணீரோ ஆயிரம் ஆட்டுக்கும் தாராளமாக வரும். பண்ணைக்காரர் எதைப் பார்த்து ஆட்டின் எண்ணிக்கையை முடிவு செய்வார், தண்ணீரையா புல்லையா? தண்ணீர் கண்ணுக்கு முன்னால் கொட்டுகிறது. புல் தீர்வது மெதுவாகத்தான் தெரியும்.

வட்டத்துக்குள் நடந்தது இதுதான். தொட்டியை ஒட்டி வெறும் மண், குளம்பு பட்டுப் புழுதி. அடுத்த வளையத்தில் ஆடு தொடாத முள்ளும் கசப்பும் மட்டும். அதற்கு அடுத்த வளையத்தில் கடித்துக் குட்டையாகிப்போன நல்ல செடி. வெளி ஓரத்தில்தான் பழைய காடு. நாலு தொட்டி வைத்தால் நாலு வட்டம். வட்டங்கள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் பழைய காட்டுக்கு இடமே இல்லை.

இன்னொன்று, நம்மைப் போன்ற இயற்கை விவசாயிகள் கவனிக்க வேண்டியது. பகலில் எங்கோ மேய்ந்த ஆடு புழுக்கை போடுவது தொட்டி ஓரத்திலும், படுக்கிற இடத்திலும், பட்டியிலும், கொட்டகைக்கு அடியிலும். ரோமமாகக் கப்பல் ஏறிப் போன தழைச்சத்து ஆட்டுக்கு அரைக் கிலோவுக்கும் குறைவுதான். அதைவிடப் பெரிய இழப்பு, பரந்த நிலத்தின் சத்து நாலு இடத்தில் குவிந்து கிடந்தது. நம் கீதாரிகள் கிடை போடுவது இதற்கு நேர் எதிர். மந்தை ஊர் ஊராக நகரும், புழுக்கையும் மூத்திரமும் வயலுக்கு வயல் மாறி விழும், வயல்காரர் அதற்குக் கூலியும் கொடுப்பார். ஆடு அதே ஆடுதான். நடக்கிற ஆடு உரம் போட்டுக்கொண்டே போகிறது, ஒரே தொட்டியைச் சுற்றுகிற ஆடு நிலத்தைச் சுரண்டி ஒரு மூலையில் கொட்டுகிறது.

முதலும் வட்டியும்

வறண்ட மேய்ச்சல் நிலத்தில் இரண்டு வகைத் தீவனம் உண்டு. ஒன்று, மழை பெய்ததும் முளைத்து, இரண்டு மூன்று மாதத்தில் விதை போட்டுக் காய்ந்துவிடும் சிறு பூண்டுகள். இதுதான் வட்டி. மற்றொன்று, பல வருடம் நிற்கிற உப்புச் செடிகள், புதர்கள், வேர் ஆழமான புற்கள். மண்ணைப் பிடித்து வைத்திருப்பதும், வறட்சியில் கடைசியாகப் பசுமையோடு நிற்பதும் இவைதான். இதுதான் முதல்.

நல்ல மழை வருஷத்தில் ஆடு வட்டியைத் தின்னும், முதலைத் தொடாது. பண்ணைக்காரர் பார்த்து, இன்னும் ஆயிரம் ஆடு தாங்கும் போல இருக்கே என்று கூட்டுவார். அடுத்து வறட்சி. பூண்டு முளைக்கவே இல்லை, தண்ணீர் மட்டும் இருக்கிறது. கூட்டின ஆடும் சேர்ந்து முதலைத் தின்னும். கடனில் ஓவர் டிராஃப்ட் என்று ஒன்று உண்டே, இல்லாத பணத்தை எடுத்துச் செலவு செய்கிற வசதி, அந்த வேலையைத்தான் போர்த் தண்ணீர் செய்தது.

வறட்சியில் ஆட்டை விற்கலாமே என்பீர்கள். எல்லாருக்கும் ஒரே நேரத்தில்தான் வறட்சி வரும். வாங்க ஆள் இருக்காது, விலை கிடைக்காது. அடுத்த மாதம் பெய்துவிடும் என்று காத்திருப்பார்கள். கடன்காரர் கணக்குப் புத்தகத்தில் ஆடுதான் சொத்து என்பதால், ஆட்டைக் குறைப்பதற்கு யாருக்கும் மனசு வராது.

சுறா விரிகுடாவை உள்ளடக்கிய காஸ்காயின் பகுதி முழுக்க 1930-களின் நடுவில் ஒரு நீண்ட வறட்சி வந்தது. பெருவாரியாக ஆடுகள் செத்தன. அதற்குப் பிறகு மழை வந்தது, ஆடும் வந்தது. ஆனால் வறட்சிக்கு முந்தைய எண்ணிக்கை அந்தப் பகுதிக்குத் திரும்பவே இல்லை. முதல் குறைந்துபோனால் மழை பழைய வட்டியைத் தராது. காஸ்காயின் ஆற்றுப் படுகையை ஆராய்ந்த அரசு வேளாண் துறையின் 1972 அறிக்கை, மண் அரிப்பைக் காட்டி ஆடுகளைக் குறைக்கச் சொன்னது.

விலையின் ஆட்டமும் இதில் சேர்ந்துகொண்டது. கொரியப் போர் நடந்த 1950-51-ல் ரோம விலை வானத்துக்கு ஏறியது. விலை ஏறினால் ஆடு கூடும். பிறகு அரசு ஆதரவோடு ஒரு குறைந்தபட்ச விலைத் திட்டம் வந்தது, சந்தையில் அந்த விலைக்குப் போகாததை வாரியமே வாங்கிக் கிடங்கில் வைக்கும். 1988-ல் அந்த விலையைக் கிலோவுக்கு 870 சென்ட் என்று உயர்த்தினார்கள். உலகச் சந்தை வாங்க மறுத்தது. நாடு முழுக்க ஆடு கூடியது, கிடங்கு நிரம்பியது. 1991 பிப்ரவரியில் திட்டத்தையே கைவிட்டபோது தேங்கிக் கிடந்தது சுமார் 47 லட்சம் பொதி. அதை விற்றுத் தீர்க்க 2001 வரை ஆனது. நான் குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு எதிரி இல்லை. விளைகிற நிலத்தின் தெம்பைக் கேட்காமல் விலையை மட்டும் வைத்து எண்ணிக்கையைக் கூட்டினால் என்ன ஆகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

யாருடைய உழைப்பு?

பாரம்பரியம் என்று பேசும்போது அழகான கொட்டகையோடு நிறுத்திவிடக் கூடாது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்டேஷன்கள் அந்த மண்ணின் மக்களுடைய உழைப்பில்தான் நின்றன. ஆடு மேய்த்தது, வேலி போட்டது, கிணறு பார்த்தது, வீட்டு வேலை செய்தது எல்லாம் அவர்கள். பல இடங்களில், பல பத்தாண்டுகள், கூலி என்பது மாவும் சர்க்கரையும் தேயிலையும் துணியும்தான். சொந்த நிலத்திலேயே கூலியில்லாத வேலையாள். வடக்கே பில்பரா பகுதியில் 1946 மே 1 அன்று நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் ஸ்டேஷன்களை விட்டு வெளியேறி வேலைநிறுத்தம் செய்தார்கள். அது 1949 வரை நீடித்தது. சுறா விரிகுடாவில் மல்கானா மக்களின் பூர்வீக நில உரிமையை நீதிமன்றம் அங்கீகரித்தது 2018 டிசம்பரில்தான்.

ஆடு போன பிறகு

சுறா விரிகுடா 1991-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அதற்கு முன்னும் பின்னும் அங்கிருந்த ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாகக் கை மாறின. மூன்றை மட்டும் சொல்கிறேன், மூன்றும் மூன்று விதம்.

முதலாவது பெரோன். ஆடுகளை வெளியேற்றிவிட்டு 1995-ல் ‘ஏதேன் திட்டம்’ தொடங்கினார்கள். தீபகற்பம் பெருநிலத்தோடு சேரும் குறுகிய கழுத்தில், 3.4 கிலோமீட்டருக்கு ஒரு கடற்கரையிலிருந்து மறு கடற்கரை வரை வேலி. உள்ளே இருக்கிற நரி, பூனை, காட்டு வெள்ளாடு எல்லாவற்றையும் ஒழித்து, அழிந்துபோன உள்ளூர் விலங்குகளைக் கொண்டுவந்து விடுவது திட்டம். நரி அடங்கியது. பூனை அடங்கவில்லை. முயல் காது மாதிரி காது நீண்ட பில்பி தங்கியது. வேறு சில விலங்குகளை விட்டும் நிலைக்கவில்லை. வெளியேற்றுவதை விட மீட்பது பல மடங்கு கஷ்டம் என்பது அங்கே தெரிந்தது.

இரண்டாவது டிர்க் ஹார்ட்டாக் தீவு. 1616-ல் டச்சு மாலுமி டிர்க் ஹார்ட்டாக் இறங்கி ஈயத் தட்டு ஒன்றை நட்டுவிட்டுப் போன இடம். 80 கிலோமீட்டர் நீளம், 63,000 எக்டேர். 1869-ல் மேய்ச்சல் குத்தகைக்குப் போனது. அங்கே பத்து வகைச் சிறு பாலூட்டிகள் அழிந்துபோயின. ஆடு புதரைத் தின்று மறைவிடத்தை அழித்தது, பூனை மிச்சத்தைத் தின்றது. 2009-ல் தேசியப் பூங்கா ஆனதும், தீவை 1616-ல் இருந்த நிலைக்குக் கொண்டுபோவது என்று முடிவெடுத்தார்கள். செம்மறியும் காட்டு வெள்ளாடும் பல ஆயிரம் அகற்றப்பட்டன. கடைசி வெள்ளாடுகளைப் பிடிக்க ஒரு தந்திரம் செய்தார்கள். ஒரு ஆட்டின் கழுத்தில் ரேடியோ கட்டி விட்டால் அது தனியாக இருக்காமல் தன் இனத்தைத் தேடிப் போகும், பின்னால் போய் மந்தையைக் கண்டுபிடிக்கலாம். 2018-ல் பூனையும் ஒழிந்தது. அதன் பிறகு வாலபி, சுண்டெலி, பாண்டிகூட் என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருக்கிறார்கள். ரோமம் கத்தரிப்பவர்கள் தங்கிய பழைய கல் கட்டடம் இப்போது விருந்தினர் தங்குமிடம்.

மூன்றாவது ஹாமலின். 2,02,000 எக்டேர், ஏறத்தாழ ஐந்து லட்சம் ஏக்கர். 2015-ல் புஷ் ஹெரிடேஜ் ஆஸ்திரேலியா என்ற தொண்டு அமைப்பு மக்களிடம் நன்கொடை திரட்டி வாங்கியது. குடியிருப்பையும் ஆட்கள் அறைகளையும் இடிக்கவில்லை, பயணிகளுக்கு வாடகைக்கு விட்டு, வருவதை நிலத்தை மீட்கச் செலவிடுகிறார்கள். போர் நீர் வழிந்து உண்டான ஒரு ஏரியில் பறவைகள் கூடுகின்றன.

மூன்று இடத்திலும் ஒரு பொதுவான வேலை உண்டு. ஸ்டேஷன்காரர்கள் போட்ட நீர்த் தொட்டிகளை மூடுவது. தண்ணீரை நிறுத்தினால் காட்டு வெள்ளாடு தானாக ஒதுங்கும், வட்டத்துக்குள் செடி தலை தூக்கும். நூறு வருடம் முன்னால் யாரோ பெருமையாகத் திறந்துவைத்ததை இப்போது செலவு செய்து மூடுகிறார்கள்.

கொழுக்கட்டைப் புல் ஒரு சாட்சி

இன்னொரு சுவாரஸ்யம். நாம் ஆசையாக வரப்பில் போடுகிற கொழுக்கட்டைப் புல் இருக்கிறதே, அது மேற்கு ஆஸ்திரேலியாவின் மேய்ச்சல் நிலங்களில் பரவி, இன்று களை என்று விரட்டப்படுகிறது. ஒட்டகச் சேணத்துக்குள் அடைத்து வந்த வைக்கோலில் வந்தது என்பார்கள், பிறகு தீவனத்துக்காக விதைத்தும் பரப்பினார்கள். தீயில் எரிந்தாலும் முந்திக்கொண்டு துளிர்த்து, உள்ளூர் செடியை எழவிடாது. நம் மண்ணில் நல்ல புல், அங்கே எதிரி. எந்தச் செடியையும் இடம் பார்த்துத்தான் நல்லது கெட்டது சொல்ல முடியும்.

நமக்கு என்ன?

நம் ஐந்து ஏக்கருக்கும் அவர்களுடைய ஒரு லட்சம் ஏக்கருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். அளவு வேறு, கணக்கு ஒன்றே. ஆட்டுப் பண்ணை ரிப்போர்ட் கேட்டு வருகிறவர்களிடம் இப்போது நான் சில விஷயங்களை முதலில் எழுதி வரச் சொல்கிறேன்.

ஒன்று, உங்கள் நிலத்திலும் நீங்கள் மேய்க்கப் போகிற புறம்போக்கிலும் கோடையில், சித்திரை வைகாசியில், பசுமையாக நிற்கும் செடிகளின் பெயர்கள். வேலா, வாதநாராயணமா, கொழுக்கட்டைப் புல்லா, எத்தனை நிற்கிறது என்று எண்ணி எழுதுங்கள். அதுதான் உங்கள் முதல்.

இரண்டு, ஆட்டின் எண்ணிக்கையை நல்ல வருஷத்தை வைத்துப் போடாதீர்கள். உங்களுக்கு நினைவிருக்கிற மோசமான வருஷத்தில் எத்தனை ஆட்டுக்குத் தீவனம் இருந்திருக்கும்? அந்த எண்தான் தாய் ஆட்டின் எண். நல்ல வருஷத்தில் கூடுகிற புல்லுக்குக் குட்டிகளை வளர்த்து விற்றுவிடுங்கள்.

மூன்று, விற்கும் நாளை முன்கூட்டியே குறித்து வையுங்கள். இந்தத் தேதிக்குள் மழை இல்லையென்றால் இத்தனை ஆட்டை விற்பேன் என்று இன்றைக்கே எழுதி வீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். பஞ்சம் வந்த பிறகு முடிவெடுக்க முடியாது.

நான்கு, தண்ணீர்த் தொட்டியை ஒரே இடத்தில் கட்டாதீர்கள். நகர்த்தக் கூடிய தொட்டி, நகர்த்தக் கூடிய பட்டி. புழுக்கை எங்கே விழ வேண்டும் என்பதை நீங்கள் முடிவு செய்யுங்கள்.

ஐந்து, மேய்ந்த இடத்துக்கு ஓய்வு. மழை கண்டு துளிர்க்கிற முதல் சில வாரம் ஆட்டை அங்கே விடவே கூடாது.

இந்த ஐந்தையும் எழுதி வந்தால், பெரும்பாலானவர்களுக்கு அம்பது ஆடு என்பது இருபது, இருபத்தைந்தாகக் குறைகிறது. சிலருக்கு முகம் வாடும். கடனும் அதோடு குறைகிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினால் சரியாகிவிடும்.

பெரோன் குடியிருப்பைப் பார்க்கிறவர்கள் கொட்டகையையும் வெந்நீர்த் தொட்டியையும் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அவற்றைப் பாதுகாத்தது நல்ல காரியம். அந்தக் காலத்து மனிதர்களின் கைத்திறனும் தைரியமும் அங்கே தெரிகிறது. ஆனால் அந்தப் பண்ணை விட்டுச்சென்ற சொத்தின் பெரிய பங்கு கொட்டகைக்கு வெளியே, தொட்டியைச் சுற்றியுள்ள வட்டத்தில் இருக்கிறது. நம் பிள்ளைகளுக்கும் நாம் எழுதி வைப்பது வீடும் போரும் மட்டும் இல்லை. பத்திரத்தில் ஏறாத அந்தப் புல்லையும் சேர்த்துத்தான்.